பிறை பாய் கணக்கில் விட்டுப்போன மலை

எங்க வடக்கனந்தல்ல சந்திரனுக்கே நேரம் குறிச்சுக் குடுத்த ஆளு பிறை பாய். சந்திரனும் அவர் பேச்சை மீறினதில்ல, ஒரே ஒரு தரம் தவிர.

பாய் கயிறு கடை வெச்சிருந்தார். பக்கத்துக் கடையில நான் டைப்ரைட்டிங் சொல்லிக் குடுத்துக்கினு இருந்தேன். கம்ப்யூட்டர்னா ஜோசியம் சொல்ற மிஷின்னு ஊரே நம்பின காலம் அது. பாய் எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கியாந்து கயித்துச் சுருளுக்கு நடுவுல வெச்சார். புஸ்தகத்தைப் பாத்துப் பாத்து, ரெண்டு வருஷம் மல்லுக்கட்டி, தானே ஒரு புரோகிராம் எழுதினார். தேதியும் ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகையும் குடுத்தா, சந்திரன் எத்தனை மணிக்கு மறையும், வானத்துல எவ்வளவு உயரத்துல நிக்கும்னு அது சொல்லிடும். ஆனா சொல்றதுக்கு ஏழு நிமிஷம் ஆகும். ஆறாவது நிமிஷம் கரண்ட் போயிடும். பாய் கோவப்படாம முதல்லருந்து ஆரம்பிப்பார்.

கடைக்கு வர்றவங்க பாடு திண்டாட்டம்தான்.

“பாய், மாட்டுக் கயிறு ரெண்டு குடுங்க.”

“எந்த ஊரு?”

“களமருதூருங்க.”

“உங்க ஊர்ல இன்னிக்கி சந்திரன் எட்டு பன்னண்டுக்கு மறையுது.”

“அது மறையட்டும் பாய், எனக்கு பஸ்ஸு போயிடும்!”

மகள் கல்யாணப் பத்திரிகையில நிக்காஹ் நேரத்துக்குக் கீழ, ‘அப்போது சந்திரன் உயரம் நாற்பத்தொரு பாகை’ன்னு அச்சடிச்சுட்டார். “இது இன்னாங்க, சீர்வரிசையில சேர்ந்ததா?”ன்னு சம்பந்தி வூட்ல ஆள் விட்டுக் கேட்டாங்க.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். அந்த ரம்ஜான் அப்படியில்ல.

எங்க ஊர்ல முதல் நாள் பிறையை யாரும் பாத்ததில்ல. வெளியூர்ல தெரிஞ்சுதுன்னு சேதி வந்தப்புறம்தான் பெருநாள். அந்த வருஷம் பாய் பள்ளிவாசல்ல எழுந்து நின்னு, “இருவத்தொம்போதாம் நோன்பன்னிக்கி நம்மூர்லயே பிறை தெரியும். சூரியன் மறைஞ்சு முப்பத்தெட்டு நிமிஷம் நிக்கும்”னார்.

“கணக்கு கெடக்கட்டும் பாய், கண்ணால பாக்கணும்”னாங்க பெரியவங்க.

“தெரியலைன்னா அந்தப் பொட்டியை இனிமே தொடமாட்டேன்.”

அன்னிக்கி சாயங்காலம் பள்ளிவாசல் மாடி கொள்ளாத கூட்டம். முப்பத்தெட்டு நிமிஷமும் போச்சு. ஒண்ணும் தெரியல. அப்புறம் வழக்கம்போல உளுந்தூர்பேட்டையில தெரிஞ்சுதுன்னு சேதி வந்து, பெருநாள் கொண்டாடினாங்க. “கணக்கு சரியாத்தானே பாய் இருந்துச்சு?”ன்னேன். “நம்மூர்ல தெரியும்னுதானே தம்பி சொன்னேன்”னு சொல்லி, கம்ப்யூட்டர் மேல சாக்கைப் போட்டு மூடிட்டார். அதுக்கப்புறம் கயிறு கேட்டவங்களுக்குக் கயிறு மட்டும் குடுத்தார். அதைப் பாக்க எனக்குத்தான் சகிக்கல.

ஒரு வாரம் கழிச்சு ஒரு வேலையா கள்ளக்குறிச்சி போனேன். எங்க ஊர்ல சூரியன் மறைஞ்சு போற நேரத்துக்கு அங்க இன்னும் வெயில் அடிச்சிக்கினு இருந்துச்சு. அப்பதான் உறைச்சுது. ஓட்டமா வந்து கேட்டேன்.

“பாய், உங்க புரோகிராம்ல மலை இருக்குதா?”

“இன்னா மலை?”

கையைக் காட்டினேன். மேக்கால அரை வானத்தை அடைச்சிக்கினு கல்வராயன் மலை நின்னுச்சு. அம்பது வருஷமா அதுக்கு எதிர்க்க குந்திக்கினு கயிறு வித்த மனுஷன், அதைக் கணக்குல சேக்கவே இல்ல. ரொம்ப நேரம் மலையையே பாத்துக்கினு இருந்துட்டு, “அதுக்குப் பின்னாடி இருந்துச்சா!”ன்னார்.

அடுத்த மாசப் பிறைக்கு என்னைக் கூட்டிக்கினு மலைக்கு பஸ் ஏறிட்டார். மேக்கே வெட்டவெளியா இருந்த ஒரு பாறை மேல நின்னோம். அவர் எழுதி வெச்சிருந்த நிமிஷம் வந்துச்சு. அவர் சொன்ன இடத்துலயே, வெட்டின நகத்துண்டு மாதிரி பிறை.

“பாய்! அதோ!”

“எங்க?”

“மரத்துக்கு நேர் மேல.”

“எங்க தம்பி?”

முகவாயைப் பிடிச்சுத் திருப்பிவிட்டேன். சோடாபுட்டி கண்ணாடிக்குள்ள கண்ணு அலைபாஞ்சுதே தவிர, எதுலயும் நிக்கல.

“சின்ன வயசுலருந்தே மூணாம் நாள் பிறைகூட என் கண்ணுக்குத் தெரியாது தம்பி. எல்லாரும் கையைக் காட்டுவாங்க, நானும் தெரியுதுன்னு தலையாட்டிடுவேன். இந்த இடம், இந்த நிமிஷம்னு கரெக்டா தெரிஞ்சா நானும் ஒரு தரம் பாத்துடலாம்னுதான் இவ்வளவும்.”

பிடிச்சிருந்த முகவாயை விட்டேன்.

“நீயாவது நல்லாப் பாரு. நல்லா இருக்குதா?”

“நல்லா இருக்குது பாய்.”

மறுநாளே சாக்கை எடுத்துட்டு, மலையையும் புரோகிராம்ல சேத்தார்.

பாய் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. இப்ப அவரோட ஏழு நிமிஷக் கணக்கை என் போனே ஒரு நொடியில சொல்லிடுது. பிறை தெரியுற சாயங்காலம் நான் வெளியூர் பஸ் ஸ்டாண்டுல நின்னாலும் மேக்கே திரும்பிப் பாத்துடுவேன். “நல்லா இருக்குது பாய்”னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.