எலுமிச்சை காட்டிய கம்ப்யூட்டர்

ராயபுரம் முழுக்க ஒரு வாரமாக ஒரே பேச்சு. கம்ப்யூட்டருக்குப் பேயோட்டும் கிருஷ்ணப்பன் வந்திருக்கிறார்! மனிதர்களுக்குப் பேயோட்டும் தொழிலில் போட்டி அதிகமாகிவிட்டது போலும்.

ஜெராக்ஸ் கடை ஃப்ளோராவுக்கும் வேறு வழி தெரியவில்லை. கடையிலிருந்த பழையதும் புதியதுமான இரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர்களும் ‘டிஸ்கில் இடமில்லை’ என்று நின்றுவிட்டன. துறைமுக வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். வாசலில் முப்பது பேர். மாதா படத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து இரண்டு பெட்டிகளையும் முகர்ந்து பார்த்தார்.

“செத்துப்போன ப்ரோக்ராமோட ஆவிம்மா. உள்ள குந்திகினு கீது.”

“அடுத்த தெரு பென்னி கடைல துணியப் போத்திகினு ஏதோ தட்டி ஓட்டுனீங்களே, அப்புறம் பிரிண்டரே ஓடலியாமே?”

“போற பேய் சும்மா போவுமா? கெடச்சத இஸ்துகினுதான் போவும்.”

கூட்டம் தலையாட்டியது. பேய்க்குப் பிரிண்டர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல நேரம் பிறக்கட்டும் என்று அவர் டீ குடிக்கப் போனார்.

வரிசையில் நின்ற எழில்மொழி, காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். “அக்கா, அந்தப் பழைய மிஷின கொஞ்சம் குடு” என்று உட்கார்ந்து ஒரு கட்டளை வரி தட்டினாள்.

“ஐயோ, அழிச்சிடாதம்மா!”

“இப்ப எதையும் அழிக்கலக்கா. அழிச்சா இன்னா இன்னா போவும்னு கேக்கறேன், அவ்ளோதான்.”

திரையில் ஒரு பட்டியல் வந்தது. “இதெல்லாம் வேற சாப்ட்வேருக்குத் துணையா வந்தது. அது போயிடுச்சு, இது தங்கிடுச்சு.”

ஃப்ளோராவின் விரல் ஓரிடத்தில் நின்றது. “இது என் பிரிண்டர் பேராச்சே!”

“படிக்காம சரின்னு தட்டியிருந்தா அதுவும் போயிருக்கும். பென்னிக்கு அப்படித்தான் ஆயிருக்கும்.”

எழில்மொழி அதை ‘வேண்டும்’ என்று குறித்தாள். பட்டியலை மறுபடி கேட்டு, கடைசி வரி வரை படித்த பிறகே அழித்தாள். தாராளமாக இடம் கிடைத்தது. பிறகு இரண்டு திரைகளையும் அணைத்து வைத்தாள்.

கிருஷ்ணப்பன் திரும்பி வந்தார்.

“சாமி, எதுல பேய் கீதுன்னு நீயே பாத்து சொல்லு” என்றாள் எழில்மொழி.

அவர் எலுமிச்சையை உருட்டினார். அதுவும் விவரமாக, தூசு படிந்த பழைய பெட்டியின் முன் போய் நின்றது. “இதுலதான்! கும்பலா கீதுங்க!”

எழில்மொழி திரையைப் போட்டுப் பட்டியல் கேட்டாள். நீக்க வேண்டியவை: பூஜ்யம். புதுப் பெட்டியில் கேட்டாள்: நாற்பத்து மூன்று.

“துணியைப் போத்தி, மந்திரம் சொல்லிகினே நீ தட்டறதும் இதே வரிதானே நைனா? பட்டியலப் படிக்காம தட்டற. அதான் பிரிண்டர் காலி.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் கிருஷ்ணப்பனுக்கு யானைக்கவுனியில் அவசர வேலை வந்துவிட்டது.

புதுப் பெட்டியை ஃப்ளோராவே, ஒவ்வொரு வரியாகப் படித்துச் சுத்தம் செய்தாள். ‘நிச்சயமா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஒன்றை அழிக்குமுன் இந்தத் தகர டப்பாவே ஒரு தடவை கேட்கிறது. ஒன்றை நம்புமுன் நாம் கேட்டால் வாயா வலிக்கும்?