ஜெயித்துத் தொலைக்கிறார்களே!

மூன்றாவது கோல் விழுந்ததும் ஹோகன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய அணியின் வலையில் விழுந்திருந்தால் நிம்மதி. விழுந்தது டென்மார்க் அணியின் வலையில்.

"கோச், ஜெயிச்சுட்டோம்!" பதின்மூன்று வயதுப் பெண்கள் கூட்டமாக அவர் மேல் பாய்ந்தார்கள்.

"சூப்பர்... சூப்பர்..." பல்வலிக்காரர் சிரிப்பது போலச் சிரித்தார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி யில்வா.

"ஜெயிச்சுட்டீங்களாமே? சனிக்கிழமை நம்ம ஊரு கால்மருக்கு வருவியா, மாட்டியா?"

"வந்துடுவேன் யில்வா. எங்க டீம் லட்சணம் தெரியாதா? ரெண்டு நாள்ல மூட்டை கட்டிடுவோம்."

"அம்மாவோட எழுபதாவது பொறந்தநாள். மாப்பிள்ளை வராம கேக்கைத் தொடமாட்டேன், விழாவே வேண்டாம்னு சத்தியமே பண்ணிட்டாங்க. ஊரையே கூப்பிட்டிருக்கேன். நீ மட்டும் வரல... உங்க டீம் தங்கியிருக்கிற அந்த ஸ்கூல் தரையிலயே காத்து மெத்தையைப் போட்டு நிரந்தரமாப் படுத்துக்க!"

அதே சனிக்கிழமைதான் இறுதி ஆட்டமும். உள்ளூர்ப் போட்டியிலேயே முதல் சுற்றைத் தாண்டாத தன் அணி, உலகமே வந்திறங்கியிருக்கும் கோதன்பர்க் கால்பந்துப் போட்டியில் அதுவரை தாங்கும் என்று ஹோகன் கனவிலும் நினைக்கவில்லை. அந்தத் தைரியத்தில் கொடுத்த வாக்கு.

அடுத்த ஆட்டம் பிரேசிலிலிருந்து வந்த அணியோடு. ஆபத்தில்லைதான். இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக, ஆட்டத்துக்குச் சற்று முன் பெண்களுக்கு ஜாமும் கிரீமும் வழிய வழிய வாஃபிள் வாங்கிக் கொடுத்தார். ஆறு கோல் வாங்கினார்கள். ஹோகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனசுக்குள் குத்தாட்டம் போட்டார்.

மூன்றாவது ஆட்டம் நார்வே அணியோடு. கோல்கீப்பர் மார்த்தாவை முன்வரிசைக்குத் தள்ளினார். கோல் அடிக்கும் தூவாவை வலைக்குள் நிறுத்தினார்.

"கோச், மாத்திச் சொல்றீங்க" என்றாள் தூவா.

"புது வியூகம். கேள்வி கேக்காதே."

மார்த்தா அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக ஓடி ஒரு கோலும் அடித்துவிட்டாள். நல்லவேளை, நார்வே இரண்டு அடித்தது.

ஹோகன் சீட்டியடித்துக்கொண்டே பையில் துணிகளைத் திணித்தார். துணைப் பயிற்சியாளர் பெர்னில்லா வாசலில் வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தோத்துட்டோமே. வீட்டுக்குத்தான்."

"நல்லா இருக்கே கதை! இங்க தோத்தவங்களுக்குன்னு தனியா பி பிரிவு இருக்கு. அதுல எல்லாம் நம்மள மாதிரி சப்பை டீம். அதோட ஃபைனலும் சனிக்கிழமைதான். ரூல்ஸ் புக் படிக்கலியா?"

விதிப் புத்தகத்துக்கும் ஹோகனுக்கும் இருந்த ஒரே பழக்கம், அதன் அட்டை மேல் காபிக் கோப்பையை வைப்பது.

மார்த்தா முன்னால் நின்றால் ஜெயித்துவிடுவார்களே என்று பயந்து, அவர் சட்டென்று பழைய வரிசைக்கே அணியை மாற்றப் பார்த்தார். பெண்கள் கொடி பிடித்துவிட்டார்கள். "மார்த்தாதான் முன்னாடி! வாஃபிளும் வேணும்!"

ஸ்காட்லாந்து அணி காலி. போலந்து அணி காலி. வெள்ளிக்கிழமை மதியம் அரையிறுதி. கடைசி நிமிடத்தில் மார்த்தா அடித்த பந்து, ஹோகன் உள்ளுக்குள் போட்ட கூச்சலையும் மீறி வலைக்குள் போனது.

மூச்சிரைக்க ஓடி வந்தாள் மார்த்தா.

"கோச், எனக்கு ஓடவே வராதுன்னுதான் எல்லாரும் வலைக்குள்ள நிறுத்தினாங்க. என்னை நம்பின மொத ஆளு நீங்கதான். நாளைக்குப் பக்கத்துலயே இருப்பீங்கல்ல?"

ஹோகன் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாளைக்கு இவளை மறுபடி வலைக்குள் அடைத்துத் தோற்றாலும், சனிக்கிழமை போனது போனதுதான். பெர்னில்லாவிடம் விட்டுவிட்டு நழுவலாம். ஆனால் மனசு வரவில்லை.

"இருப்பேன்" என்றார்.

யில்வாவிடம் பேசும் துணிச்சல் இல்லை. நேராக மாமியார் சோல்வேயின் எண்ணையே அழுத்தினார்.

"அத்தை, மன்னிச்சிடுங்க. ஃபைனலுக்கு வந்து தொலைச்சிட்டோம். நாளைக்கு என்னால வர முடியாது."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு. அழுகிறாளோ?

"வயித்துல பால் வார்த்தீங்க மாப்பிள்ளை! பிரேசில்காரிங்க ஆறு கோல் போட்டப்ப எனக்கு உசுரே போயிடுச்சு. எழுபதுன்னு ஊரைக் கூட்டி வச்சுப் பாட்டுப் பாடுற கூத்துலேர்ந்து தப்பிக்கத்தானே, உங்க ஃபைனல் தேதியைப் பாத்துட்டு, நீங்க வராம கேக்கைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணினேன்!"