கண்ணாடி போட்ட ரோமப் பேரரசர்

மேலதிகாரியைக் காக்கா பிடிக்கக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும். எனக்கு அது இல்லை (எங்கள் ஊர் மத்திகிரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்).

அப்போது நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் நாலு வருஷமாகக் காண்ட்ராக்ட். இரும்புப் பாகங்களில் லேசர் மெஷினால் நம்பர் பொறிக்கும் வேலை. பெர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் பட்டியல் அடுத்த வாரம் என்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் மாதா கோயில் திருவிழா நாடகம் வரவேண்டும்! அதில் ரோமப் பேரரசன் தன் முகம் பொறித்த வெள்ளிக்காசுகளை வீசி, கும்பிட்டால் உயிர்ப்பிச்சை என்பான். கிறிஸ்தவக் கைதி அவற்றைக் காலால் மிதிப்பான்.

காசு என் பொறுப்பு. ஸ்கிராப்பில் ஸ்டீல் வில்லைகள் கிடைத்தன. முகத்துக்கு எங்கே போவது? போனில் ரோமக் காசுகளைத் தேடிப் பார்த்தேன். வளைந்த மூக்கு, தடித்த கழுத்து, உலகமே தனக்குக் கீழே என்கிற பார்வை. அட, நம்ம பிளான்ட் மேனேஜர்! ஆயுத பூஜையில் எடுத்த பக்கவாட்டுப் போட்டோ என்னிடம் இருந்தது. தலையில் இலைக் கிரீடம் மாட்டி, இருபது காசு அடித்துவிட்டேன். இத்தனூண்டு காசு, கீழே இருப்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

அதோடு விட்டேனா, பாவி! சிறப்பு விருந்தினராக அவரையே அழைத்து, முன்வரிசையில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பேரரசனாக நடித்த ஜோசப் அண்ணனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. மேடையில் போடவேண்டிய காசில் பாதியைக் கூட்டத்தின்மேல் விசிறினார். ஒன்று உருண்டு வந்து மேனேஜரின் ஷூவில் முட்டியது. குனிந்து எடுத்தார். மேடையில் கைதி மீதியை மிதித்துக்கொண்டிருந்தான். "மிதி! நல்லா மிதி!" என்று சனம் கத்தியது.

"யாருப்பா இது?" என்றார் மேனேஜர்.

"ரோமாபுரி ராஜா சார்."

"ராஜா கண்ணாடி போட்டிருக்காரே?"

ஐயோ! கிரீடம் மாட்டத் தெரிந்த மடையனுக்குக் கண்ணாடியைக் கழற்றத் தோன்றவில்லை.

அவர் திட்டவில்லை. காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைசிவரை கைதட்டாமல் இருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரம் பட்டியலை மூன்று தடவை படித்தேன். என் பெயர் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இப்போது நாற்பத்தொரு வயது. இது நாலாவது கம்பெனி, இன்னும் காண்ட்ராக்ட்தான். புது மேனேஜரைப் பற்றி வீட்டில் புலம்ப வாயைத் திறந்தால் போதும், என் மனைவி ஸ்டெல்லா, "அவருக்கும் ஒரு காசு அடிச்சுக் குடுத்துருங்க" என்பாள்.

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுப்பாள்: "இந்தத் தடவ கண்ணாடியக் கழட்டிட்டு அடிங்கப்பா!"