ஒல்லாந்தர் தன் கடையைப் பழித்த நாள்

விற்கிற சாமானைவிடக் கடையைப் பற்றியே கூடுதலாகப் பேசிய வியாபாரி, நான் அறிய, இந்தப் பூமியில் ஒல்லாந்தர் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் காலத்துக் கொத்தன் கட்டிய கடை என்று அவர் சொல்லிச் சொல்லி, ஊர் அந்தப் பெயரை அவருக்கே சூட்டிவிட்டது.

வாவிக்கரைத் தெருவும் சந்தைத் தெருவும் முட்டுகிற மூலையில் கடை. மூலையைக் கூராக விடாமல் சரிவாக வெட்டி, அந்த வெட்டில் வாசல் வைத்திருந்தார்கள். இருபுறமும் கட்டிப்பிடித்தால் கை எட்டாத உருண்டைத் தூண்கள். மேலே ஒரேயொரு அறை. அதன் ஒரு யன்னல் வாவியைப் பார்க்கும், மற்றது சந்தையைப் பார்க்கும்.

சீனி வாங்கப் போனால் சீனி உடனே வராது.

"மனே, ஒள்ளுப்பம் ஒருக்கா அந்தத் தூணைத் தடவிப் பாருங்க."

தடவுவோம்.

"எப்பிடி இரிக்கி?"

"குளிரா இரிக்கி."

"வெளியில இந்த வெயில், இதில குளிர். முட்டையும் சுண்ணாம்பும் பனங்கட்டியும் அரைச்சிப் பூசினது."

அதற்குப் பிறகுதான் தராசு அசையும். ஏறாவூரிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவருகிற முஸ்லிம் நானா ஒருவர் நெருப்புப்பெட்டி கேட்டு வந்து, மேலறை வரைக்கும் ஏறி இறங்கி, நெருப்புப்பெட்டியை மறந்துவிட்டே போனார்.

ஒல்லாந்தரின் முதுகுக்குப் பின்னால் நாங்களும் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டில் மீன் விற்கும் தங்கமக்கா, "மூலையை வெட்டினது என்னத்துக்கு? கல்லு போதாமப் போயிரிக்கும்" என்பாள். பக்கத்துத் தையல்கடைச் செல்லையா அண்ணன், "தூணுக்கு வாதம் கா. அதான் அந்த வீக்கம்" என்பார். இதையெல்லாம் தெருவுக்குள் மட்டும் வைத்துச் சிரித்துக்கொள்வோம்.

சண்டை மும்முரமாக நடந்த ஒரு வருடம், காலை வேளையில், அதிகாரி ஒருவர் நாலைந்து சிப்பாய்களோடு வந்து இறங்கினார். நேரே மேலறைக்கு ஏறினார். இரண்டு யன்னலாலும் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்து இறங்கி வந்தார். எங்களுக்கு விளங்கிவிட்டது. சந்தியில் காவலரண் வந்தால் சுற்றியுள்ள வீடுகள் வெறுமையாக வேண்டும். அடுத்த ஊரில் அப்படித்தான் நடந்தது. தங்கமக்காவின் வீடு, தையல்கடை, என் வீடு எல்லாம் அந்தச் சுற்றுக்குள்.

அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு வரும்.

"ஐயா, நல்ல இடம். கட்டடம் பலமா?"

ஆயுளில் ஒருவரும் தானாக வந்து கேட்காத கேள்வி. அதைக் கேட்க இவர்தானா வாய்க்க வேண்டும்? ஒல்லாந்தர் வாயைத் திறந்தால் முட்டையில் தொடங்கிச் சுண்ணாம்புக்குப் போய்விடுவாரே என்று நாங்கள் வாசலுக்கு நெருங்கினோம்.

ஒல்லாந்தர் தூணைப் பார்த்தார். வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"உக்கின கட்டடம் ஐயா" என்றார்.

அதிகாரி தடியால் தூணைத் தட்டினார். "பலமாத்தானே இருக்குது?"

ஒல்லாந்தர் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். தங்கமக்கா மீன் கூடையோடு முன்னுக்கு வந்தாள்.

"வெளியாலதான் ஐயா இந்தப் பவுசு. உள்ளுக்கு முழுக்கக் கறையான். மூலையைப் பாருங்க, கல்லுப் போதாம வெட்டிக் கட்டினது."

"மழைக்கு மேலறைக்குப் போனாக் குடை புடிக்கோணும்" என்றார் செல்லையா அண்ணன். "தூணுக்கு வாதம் ஐயா, வீங்கிப்போய்க் கிடக்கி."

என் பங்குக்கு நானும், போன மாரியில் சுவர் ஒரு சாண் சரிந்ததென்று கையால் அளந்து காட்டினேன். சரிந்தது என் கைதான்.

அதிகாரி நம்பிவிட்டார். திரும்பிப் போகும்போது ஒல்லாந்தரின் தோளைத் தொட்டு, "ஐயா, இதுக்குள்ள படுக்க வேணாம். கவனம்" என்று பரிவோடு சொன்னார். வாகனம் போய் மறைந்த பிறகும் தங்கமக்கா நிறுத்தவில்லை. கூரையில் ஆந்தை குடியிருக்கிறது என்கிற இடத்துக்கு வந்திருந்தாள். நாங்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஒல்லாந்தர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார்.

"இவ்வளவையும் எவ்வளவு காலமாக் கா மனசில வெச்சிரிந்தீங்க?"

தங்கமக்கா கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் கடை திறந்திருந்தது. ஆனால் அவர் பின்கதவால்தான் வந்தார், பின்கதவால்தான் போனார். ஏன் என்று கேட்டேன்.

"கட்டடத்துக்கு முன்னுக்கு வர முகமில்ல மனே. நான்தானே முதல்ல சொன்னன்."

"சுவர்தானே, அப்பு."

"ஓம், சுவர்தான். பக்கத்திலதானே நிண்டு கேட்டிச்சி."

மறுகா ஒரு நாள் சட்டி நிறையச் சுண்ணாம்பு கரைத்து வைத்துக்கொண்டு பூசத் தொடங்கினார். வெளியில் பூசினால் அதிகாரியின் கண்ணில் படும். ஆகவே உட்சுவருக்கு மட்டும். தங்கமக்கா சேலையைச் செருகிக்கொண்டு வந்து மூலைப்பக்கத்தை எடுத்துக்கொண்டாள். செல்லையா அண்ணன் ஏணியில் ஏறினார். எனக்கு, நான் சரித்த சுவர். ஒல்லாந்தர் எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மத்தியானம் எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்தார்.

சண்டை முடியும் வரைக்கும் வெளிச்சுவர் பாசி பிடித்துக் கறுத்தே கிடந்தது. "இது எப்ப விழப்போகுது?" என்று சந்தியால் போகிற புது ஆட்கள் கேட்பார்கள். "இந்த மாரிக்கு விழும்" என்போம், உள்ளே இருக்கிற ஒல்லாந்தருக்கும் கட்டடத்துக்கும் கேட்டுவிடாமல், மெதுவாக.