அவர்கிட்ட சொல்லிடுங்க தம்பி

"அவரை வயித்தை உள்ள இழுக்கச் சொல்லுங்க தம்பி," என்றாள் பல் டாக்டரின் மனைவி.

"சார், வயித்தை உள்ள இழுங்க," என்றார் ஸ்கூபா பயிற்சியாளர்.

"இழுத்துட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க மாஸ்டர்."

"இழுத்துட்டுத்தான் இருக்காராம் மேடம்."

மூன்று பேரும் நின்றிருந்தது கைக்கெட்டும் தூரத்தில். டாக்டரின் ரப்பர் உடுப்பில் ஜிப் முதுகுப் பக்கம் இருந்தது. பாதி முதுகுக்கு மேல் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. மனைவி ஒரு கை கொடுத்திருந்தால் ஒரு நொடி வேலை. ஆனால் அந்தக் கை நேற்றிலிருந்து ஒத்துழையாமையில் இருந்தது. வாயும்தான்.

எல்லாம் தீவுக்கு வந்த கப்பலில் ஆரம்பித்தது. மனைவியின் அக்கா வீடியோவில் அழைத்து, தன் மகளுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளையைப் பெருமையாகக் காட்டினாள். மாப்பிள்ளை வாய் நிறையச் சிரித்தார். டாக்டர் சும்மா இருந்திருக்கலாம். கழுத்தை நீட்டி, "முன்பல் ரெண்டும் கட்டினதுதானே? பிரமாதமான வேலை! யார் கட்டினது?" என்று கேட்டுவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது தொழில்காரன் தொழில்காரனுக்குக் கொடுத்த பாராட்டு. அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. பெண் வீட்டாருக்கு அதுவரை அந்த விவரம் தெரியாது.

"அக்காகிட்ட மன்னிப்புக் கேளுங்க," என்றாள் மனைவி.

"உண்மையைச் சொன்னதுக்கு மன்னிப்பா?"

வார்த்தை தடித்தது. நரம்பில்லாத நாக்கு உங்கள் பரம்பரைச் சொத்து என்று அவள் சொல்ல, பேச்சு அவருடைய அப்பா, சித்தப்பா வரை போய் நின்றது. அதற்குப் பிறகு நேரடிப் பேச்சு கிடையாது. அறைக்குத் துண்டு கொண்டுவந்தவர் வழியாகத்தான் நேற்றிரவு மின்விசிறியின் வேகமே குறைந்தது. இன்று காலை வரவேற்பறைப் பெண் வழியாக முக்கியச் செய்தி வந்தது: மன்னிப்பு கேட்காவிட்டால் மேடம் நாளைக் காலைப் படகில் ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

கடலுக்கடியில் போக வேண்டும் என்பது டாக்டருடைய வாழ்நாள் ஆசை. கிளினிக்கில் வாயைத் திறந்து படுத்திருந்தவர்களுக்கெல்லாம் பவளப் பாறையைப் பற்றிப் பாடம் நடத்தியவர் அவர். எதிர்த்துப் பேச முடியாத நிலையில் அவர்களும் கேட்டுத் தொலைத்தார்கள். ஆனால் கனவில் எப்போதுமே பக்கத்தில் மனைவி இருப்பாள். ஒரு மீனைப் பார்த்தால் "அங்க பாரு, அங்க பாரு" என்று இடிக்க ஒரு தோள் வேண்டாமா? தனியாகப் பார்ப்பதற்கு வீட்டு மீன் தொட்டியே போதும்.

கடைசியில் பயிற்சியாளர் முழங்காலை முட்டுக்கொடுத்து ஜிப்பை ஏற்றினார்.

படகில் ஏறியதும் டாக்டர் முடிவெடுத்தார். மன்னிப்புதானே, கேட்டுவிட வேண்டியதுதான். மெதுவாக மனைவி பக்கம் நகர்ந்து, "வந்து... நேத்து நான் பேசினது..." என்று ஆரம்பித்தார். இன்ஜின் காதைக் கிழித்தது.

"என்ன சொல்றாருன்னு கேளுங்க தம்பி," என்றாள் அவள்.

பயிற்சியாளர் காதை நீட்டினார். படகிலிருந்த மற்ற பயணிகளும் கூடவே காதை நீட்டினார்கள். டாக்டர் பேச்சை மாற்றினார்.

"வெயில் ஜாஸ்தின்னு சொன்னேன்."

"வெயில் ஜாஸ்தின்னா அந்தப் பக்கம் திரும்பி உக்காரச் சொல்லுங்க."

அவர் திரும்பி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தபோது, மனைவி பயிற்சியாளரிடம் நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே கரையைக் கைகாட்டினாள். பயிற்சியாளர் தலையாட்டிவிட்டு நேராக டாக்டரிடம் வந்தார்.

"சார், மேடம் என்ன சொன்னாங்கன்னா..."

"சொல்லாதீங்க மாஸ்டர்! எனக்குத் தெரியும்."

"இல்ல சார், அவங்க..."

"கரையைக் காட்டினப்பவே புரிஞ்சுபோச்சு. நீங்க தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க!"

வாழ்க்கையில் அவர் ஒருவரிடம் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயிற்சியாளர் தோளைக் குலுக்கிவிட்டு நங்கூரம் போடப் போய்விட்டார்.

ஆக, படகுச் சீட்டு வரை போய்விட்டாள்! இனி ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. தண்ணீருக்குள் இன்ஜின் சத்தம் இல்லை, ஒட்டுக்கேட்க ஆளும் இல்லை. அங்கேயே முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

"ரெண்டு பேரும் கவனமாக் கேளுங்க," என்றார் பயிற்சியாளர். "வாயில இருக்கிற குழாயைப் படகுல ஏறுற வரைக்கும் எடுக்கக் கூடாது. மேல வந்து மிதக்கும்போதும் எடுக்கக் கூடாது. கீழ ஏதாவது பிரச்சினைன்னா அந்த இடத்தைக் கையால காட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

இறங்கினார்கள். டாக்டர் மன்னிப்பையே மறந்துபோனார். ஐயோ, என்ன நிறம்! என்ன வெளிச்சம்! மஞ்சள் மீன்கள் பள்ளி விட்ட பிள்ளைகளாக அவர் மூக்குக்கு முன்னால் திரும்பி ஓடின. அடுத்ததாக வந்தது ஒரு கிளிமீன். பச்சையும் ஊதாவுமாக, முன்னால் துருத்திய பல்லோடு, பாறையை நறநறவென்று கடித்தது. கடிக்கிற சத்தம் காதில் கேட்டது! டாக்டருக்கு மெய்சிலிர்த்தது. அப்படிப்பட்ட பல்லை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். துள்ளித் திரும்பி மனைவியின் தோளை இடித்தார். அவளும் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் சமயம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நின்ற மாதிரி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, கெஞ்சும் கண்ணோடு அவளைப் பார்த்தார்.

ஆனால் அதை முதலில் பார்த்தது பயிற்சியாளர். காதைப் பிடித்தால் காதில் அழுத்தம், காதில் அழுத்தம் என்றால் உடனே மேலே. இது அவர் தொழிலின் பாலபாடம். டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் 'இல்லை, இல்லை' என்று தலையை உலுக்கினார். வலி தாங்காமல் உலுக்குகிறார் என்று பயிற்சியாளர் இன்னும் இறுக்கமாகப் பிடித்தார். பயந்துபோன மனைவியும் பின்னாலேயே மேலே வந்தாள்.

"காது ரொம்ப வலிக்குதா சார்?"

டாக்டர் எடுக்கக் கூடாத குழாயை வாயிலிருந்து பிடுங்கினார். "காதுல ஒண்ணும் இல்ல மாஸ்டர்!" என்றவர் மனைவி பக்கம் திரும்பி, அலைச் சத்தத்துக்கு மேலே அலறினார்: "தப்பு என் மேலதான்! என்னை மன்னிச்சிடு!"

படகில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மனைவி குழாயை எடுக்கவில்லை. பயிற்சியாளர் சொன்னதை மீறாதவள். "ம்ம்! ம்ஹூம்!" என்று வேகமாகத் தலையை ஆட்டினாள்.

வாய்க்குள் எதையாவது வைத்துக்கொண்டு பேசுகிறவர்களின் பாஷை டாக்டருக்கு அத்துப்படி. இது போதாது என்கிறாள்.

"உங்க அக்காகிட்டயும் கேக்கறேன்! இப்பவே, படகுல இருந்தே!"

"ம்ஹூம்! ம்ம்ஹூம்!" அவள் இரண்டு கையையும் வீசினாள்.

"மாப்பிள்ளைக்கு ஆயுசுக்கும் பல் வைத்தியம் இலவசம்! அவங்க வீட்டாளுங்க எல்லாருக்கும்!"

"ம்ம்ஹூஉம்!"

அடேயப்பா, இன்னுமா? டாக்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் விட்டுக்கொடுக்காத கோட்டை அது. "சரி! உங்க அண்ணன் குடும்பம் வரட்டும்! லீவு முழுக்க நம்ம வீட்லயே இருக்கட்டும்! அந்த டிரம் வாசிக்கிற பையனும் வரட்டும்! டிரம்மோட வரட்டும்!"

கைவீச்சு நின்றது. தலையாட்டமும் நின்றது. முகமூடிக்குள் அவள் கண்கள் வட்டமாக விரிந்தன.

ஆகா, பலித்துவிட்டது! டாக்டர் ஏணியில் தாவி ஏறினார். மனைவியின் பையிலிருந்து போனை எடுத்தார். ஈரத் தலையோடு வீடியோவில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார், அவள் கணவரிடம் கேட்டார், யாரென்றே தெரியாமல் குறுக்கே நடந்துபோன ஒருவரிடமும் கேட்டு வைத்தார். அக்கா உருகிப்போய், "உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும்!" என்றாள். படகில் கைதட்டல் எழுந்தது.

மனைவி மேலே ஏறிவந்து குழாயை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எதுக்குங்க இவ்வளவும்?" என்றாள். நேற்றிலிருந்து அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"உனக்காகத்தான்," என்றார் டாக்டர்.

"அண்ணன் குடும்பம்... லீவு முழுக்கன்னு சொன்னீங்களே, நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"டிரம்மோடயா?"

"டிரம்மோட."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் முறை இறங்கியபோது அந்தக் கையை விடவே இல்லை. கிளிமீன் கூட்டமாக வந்தது. ஒரு கடலாமை அவர்கள் தலைக்கு மேலே ஆற அமரப் போயிற்று. டாக்டர் இடித்த இடிக்கு மறு இடி கிடைத்தது. குழாய் மட்டும் வாயில் இல்லாவிட்டால் அவர் பாடியே இருப்பார்.

கரைக்குத் திரும்பியதும் மனைவி உடை மாற்றப் போனாள். பயிற்சியாளர் டாக்டரின் முதுகிலிருந்து சிலிண்டரை அவிழ்த்தார்.

"இனிமே ஊருக்குப் போற காலைப் படகு கிடையாது மாஸ்டர்!" என்றார் டாக்டர், வாயெல்லாம் பல்லாக. "நாளைக்கும் ரெண்டு பேரும் வர்றோம்!"

"வாங்க சார். ஆனா இப்பவாவது என்னைச் சொல்ல விடுங்க, இல்லேன்னா மேடம் என்னைத்தான் கேப்பாங்க," என்றார் பயிற்சியாளர். "காலையில படகுலயே உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க: நேத்து அதிகமாப் பேசினது நான்தான், கரைக்குப் போனதும் அக்காவை நானே சமாளிச்சுக்கறேன், அவர் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கவே வேண்டாம்னு."