எடை குறைக்கும் மாலை நடை

சென்ற திங்கட்கிழமை எனக்கிருந்த வேலை ஒன்றுதான். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குச் சென்று, "என் மகளுக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமை பள்ளி வலைப்பந்துக் குழுவுக்குத் தேர்வு.

"முன்ன மாதிரி ஓட முடியலம்மா. மூச்சு வாங்குது" என்று ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தாள்.

விடுவேனா? சர்க்கரைக்குத் தடை விதித்தேன். பொரித்தவற்றை நாடு கடத்தினேன். மாலைதோறும் தோட்டத்தைச் சுற்றி நடக்கவும் ஆணையிட்டேன். இத்திட்டத்தைக் கோயிலில் எல்லாரிடமும் விரிவாக விளக்கினேன், கேட்காதவர்களுக்கும் விளக்கினேன்.

பயன்? அவள் சட்டை மேலும் இறுகியது!

"நீ நடக்குறியா, இல்லையா?"

"நடக்குறேன்மா. வழியில கூப்ட்டு சாப்பாடு குடுக்குறாங்க. வேணாம்னா கோவிச்சுக்குறாங்க லா!"

அவளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் லெட்சுமி அக்கா வீடு. நான் வாய் திறக்குமுன் தட்டு நிறையப் பீசாங் கோரேங் வந்தது.

"அக்கா, நான் பேச வந்தது..."

"சாப்ட்டுட்டுப் பேசுங்க டீச்சர். வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது."

அவருடைய உறக்கத்தைக் கருதி உண்டேன். பொரித்த வாழைப்பழத்தை மென்றபடி பொரித்த உணவின் தீமையை விளக்குவது எளிதன்று.

அடுத்த வாசலில் மேரி அக்கா தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்குடன் நின்றிருந்தார்.

"அங்க மட்டும் சாப்ட்டீங்களாமே! எங்க வீட்டுச் சோறு எறங்காதா?"

இறங்கியது. சம்பலும் சேர்ந்தே இறங்கியது.

கடைசியாக, தோட்டத்து வேலையாட்களை மேய்த்த முன்னாள் மண்டோர் முனியாண்டி அண்ணன் வீடு. கெட்டிப்பால் கலந்த டீயை என் முன் வைத்தார்.

"அண்ணே, யாரும் யாழினிக்கு எதுவும் குடுக்காதீங்க!"

"எப்படி டீச்சர் குடுக்காம இருக்குறது? கோயில்ல நீங்க பேசினதக் கேட்டதுலேர்ந்து யாருக்கும் மனசு கேக்கல. வளர்ற புள்ள. பாவம், வீட்டுல பட்டினி!"

ஆக, லயம் முழுவதையும் திரட்டியது என் சொற்பொழிவு!

அப்போதுதான் கவனித்தேன். எந்த வீட்டிலும் யாழினி எதையும் தொடவில்லை. "அம்மாவுக்குக் குடுங்க மாமா" என்று என்னையே முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் என் வாய் மென்றதால் யாருக்கும் அவள்மேல் வருத்தமில்லை.

திரும்பும்போது அவள் முன்னால் ஓடினாள். எனக்கு மூச்சு வாங்கியது.

"தேர்வு வரைக்கும் தினமும் கூட வாங்கம்மா. நான் நடக்குறேன். நீங்க சாப்பிடுங்க."

வேறு வழி?

சனிக்கிழமை அவள் குழுவில் சேர்ந்தாள். என் ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.