காலஞ்சென்ற காயில்காரர்

இணையத்தில் இல்லாத கடை இந்த உலகத்திலேயே இல்லை. பெரிய பெரிய அறிஞர்கள் கூடிப் பேசி முடிவுகட்டிய விஷயம் இது. ஆகவே, முட்டுச்சந்தில் முப்பத்தோரு வருஷமாகத் தனக்கு ஒரு கடை இருப்பதாகக் காயில்காரர் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் பிரமை. எரிந்துபோன மோட்டாரையும் மின்விசிறியையும் தூக்கிவந்து, அவர் செம்புக்கம்பி சுற்றி, புதுக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் கொடுத்ததை வாங்கிப்போனவர்களுக்கும் அதே பிரமைதான்.

இந்த மயக்கத்தைத் தெளியவைக்க மகன் ஓர் இணைய விளம்பர நிபுணரை அழைத்துவந்தான். நிபுணர் கடையின் ஒரே நாற்காலியில் அமர்ந்து, மடிக்கணினியைத் திறந்து, "ஆலோசனைக் கூட்டம்" தொடங்கிவிட்டதாக அறிவித்தார்.

"ஐயா, உங்க வலி என்ன?"

"முட்டி," என்றார் காயில்காரர். "மழை வந்தா இடுப்பும்."

"பிராண்டோட வலியக் கேக்கறேன். கடைய எப்படி ஆரம்பிச்சீங்க?"

"இடம் வாடகைக்கு வந்துது. எடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி? பசி, பட்டினி, துரோகம்?"

"இன்னொரு கடையில காயில் கட்டிட்டிருந்தேன். அந்த முதலாளி நல்ல மனுஷன்."

நிபுணர் திரையைப் பரிதாபமாகப் பார்த்தார். இவ்வளவு வறண்ட வாழ்க்கையை அவர் தொழிலில் கண்டதில்லை.

மூன்றாம் நாள் இணையத்தில் "எங்கள் கதை" என்ற பக்கம் வெளியானது. அதன்படி, நிறுவனர் மகன்தான். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தவன். தந்தை விட்டுப்போன ஒரே சொத்து, எரிந்துபோன ஒரு மின்விசிறி. அதை அழுதுகொண்டே சரிசெய்தான். அந்தக் காற்றில் நிறுவனம் வளர்ந்தது. (உள்ளபடி மகனுக்கும் மின்விசிறிக்கும் உள்ள உறவு இன்றுவரை சுவிட்சோடு சரி.) இறந்தவரின் படமும் இருந்தது. காயில்காரரின் ஓட்டுநர் உரிமப் படம்தான், கறுப்பு வெள்ளையில்.

"டேய், நான் செத்துட்டேன்னு போட்டிருக்கு."

"சும்மா கன்டென்ட்டுப்பா. மனசுல வச்சுக்காதீங்க."

நாலாயிரம் பேர் இதயம் வைத்தார்கள். ஓர் அம்மாள் மிக்ஸியோடு நேரிலேயே வந்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். பிறகு மூலையில் குனிந்திருந்தவரைக் கவனித்தார்.

"இவரு போட்டோல இருக்கறவர் மாதிரியே இருக்காரே?"

மகன் மிக்ஸியை வாங்கி வைத்தான். "வேலைக்கு இருக்காரும்மா. தூரத்து உறவு."

காயில்காரர் நிமிரவில்லை. கம்பியின் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு விட்ட இடம் மறந்துபோனது. அவிழ்த்து, முதலிலிருந்து சுற்றினார்.

இரண்டாவது கூட்டம் "நம்பகத்தன்மை" பற்றியது. நேர்மையான நிறுவனம் வாடிக்கையாளரிடம் பொய் சொல்லக் கூடாது. எனவே செத்தவர் யார் கண்ணிலும் படக் கூடாது. அவர் பின்வாசல் வழியாக வரவேண்டும், முகக்கவசம் போடவேண்டும், கடைக்குள் "அப்பா" என்ற சொல் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானமானது. மகன் அவரை "அண்ணே" என்று கூப்பிடத் தொடங்கினான். முதல் தடவையே சரளமாக வந்தது. ஒத்திகைகூடத் தேவைப்படவில்லை.

தனிக்குடித்தனம் போய்விட்ட மகனின் இந்த வளர்ச்சியை வீட்டில் காயில்காரரின் மனைவி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"செத்தவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?"

"பையன் கடை ஓடணும்ல."

"யாரு கடை?"

காயில்காரர் வாயில் சோறு இருந்தது. அதன் மேலேயே இன்னொரு கவளத்தைப் போட்டுக்கொண்டார்.

அடுத்து "தந்தை நினைவுத் தள்ளுபடி வாரம்" வந்தது. கூட்டம் அலைமோதியது. ஏழு நாளும் காயில்காரர் தன் நினைவைப் போற்றும் விதமாக இடுப்பொடியக் காயில் கட்டினார். நிறைவு நாளில் காணொளி. பெரிதாக்கிய படத்தின் முன்னால் நிறுவனர் நின்று அழவேண்டும். விளக்கைப் பிடிக்க ஆள் இல்லாததால் காயில்காரர் பிடித்தார்.

அழுகை வரவில்லை. நாலு முறை எடுத்தும் வரவில்லை.

"அண்ணே, உங்களுக்கு அவரத் தெரியுமில்ல," என்றார் நிபுணர். "ஏதாவது சொல்லி இவர அழ வைங்களேன்."

காயில்காரர் முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். "வேலை தெரிஞ்ச மனுஷன். பெத்த பையனுக்கு மட்டும் ஒண்ணையும் சொல்லிக்குடுக்காம விட்டுட்டாரு."

"அண்ணே, கேமரா ஓடுது," என்றான் மகன்.

"ஓடட்டும். அப்பான்னு ஒரே ஒரு தடவை கூப்பிடு. இங்கதான இருக்கேன்."

மகன் நிபுணரைப் பார்த்தான். நிபுணர் கேமராவைப் பார்த்தார்.

"லைட்டைக் கொஞ்சம் மேல தூக்குங்கண்ணே," என்றான் மகன்.

காயில்காரர் விளக்கைத் தரையில் வைத்தார். முன்வாசல் வழியாக வெளியே போனார்.

கடைக்குள் பதினேழு மோட்டார்கள் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கட்டுவதற்குக் கையில்லை. அவசரமாக மூன்றாவது கூட்டம் கூடியது. நிபுணர் கலங்கவில்லை. எந்த நல்ல கதைக்கும் இரண்டாம் பாகம் உண்டு என்றார்.

மறுநாள் மதியம் காயில்காரர் செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார்: "'எங்கள் மூத்த பணியாளர், தந்தைக்கு நிகரானவர், நேற்று எங்களை விட்டுப் பிரிந்தார். ஆகவே மோட்டார்கள் சற்றுத் தாமதமாகும்.'"

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். இந்தத் தடவை ஆறாயிரம் இதயம்."

"எப்படிச் செத்தீங்களாம்?"

"தூக்கத்துல. நிம்மதியா."

"கொன்னவன் பேரு போட்டிருக்கா?"

அவர் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரிக்குப் போனார்.

"போட்டிருக்கு," என்றார். "'இப்படிக்கு, நிறுவனர்.'"